வருகிறவருக்கு ஏற்ற இணையதளம்: ஒரு பட்டுப்புடவைக் கடையை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையதளத்துக்கு வருகிறவரைப் பொறுத்து முகப்பையும் படங்களையும் தகவலையும் மாற்றிக் காட்டுவது பற்றிச் சிறு கடைக்காரர்களும், அவர்களுக்குத் தளம் அமைத்துத் தருகிறவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் காஞ்சிபுரம் பட்டு விற்கும் ஒரு நடுத்தரக் கடையின் தளத்தை மனதில் வைத்தே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். வேறு வியாபாரம் செய்கிறவர்கள் புடவை என்ற இடத்தில் தங்கள் சரக்கைப் போட்டுப் படிக்கலாம்.

வருகிறவர்களை எப்படிப் பிரிப்பது? வயது, பாலினம், ஊர் என்று பிரித்தால் போதுமா?

அப்படிப் பிரித்தால் அட்டவணை அழகாக இருக்கும், வேலைக்கு ஆகாது. திருச்சியில் இருக்கும் 45 வயதுப் பெண் மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை தேடி வந்திருக்கலாம். வாங்கிய புடவையின் பார்சல் எங்கே என்று பார்க்க வந்திருக்கலாம். அவரே ஒரு துணிக்கடை வைத்திருந்து, மொத்த விலை கேட்க வந்திருக்கலாம். வயதும் ஊரும் ஒன்றுதான், வேண்டியது மூன்றும் வேறு.

எதற்கு வந்தார் என்பதை வைத்துப் பிரியுங்கள். அதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை. கடையின் வாட்ஸ்அப்பில் கடந்த இரண்டு மாதம் வந்த கேள்விகளை உட்கார்ந்து படித்தாலே பிரிவுகள் தானாகத் தெரியும். பட்டுக்கடைக்குப் பெரும்பாலும் ஐந்து வரும்: கல்யாணத்துக்கு மொத்தமாக எடுக்கிறவர்கள், தனக்கோ பரிசளிக்கவோ ஒரே ஒரு புடவை வாங்குகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள், மறுவிற்பனைக்கு எடுக்கும் கடைக்காரர்கள், ஏற்கெனவே வாங்கிவிட்டு விவரம் கேட்கிறவர்கள்.

இந்த ஐந்தாவது பிரிவைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பணம் கட்டிவிட்டுப் பார்சலுக்குக் காத்திருக்கிறவருக்கு முகப்பில் ‘புது வரவு’ காட்டுவது எரிச்சலைத்தான் தரும். அவருக்கு முதலில் தெரிய வேண்டியது பார்சல் எங்கே இருக்கிறது என்பது. நான் பார்த்தவரை, குறைந்த செலவில் உடனே பலன் தரும் மாற்றம் இதுதான்.

ஒருவர் எந்த வகை என்று தளத்துக்கு எப்படித் தெரியும்?

கேளுங்கள். பட்டுக்கடையில் பாய் விரித்து உட்காரவைத்ததும் விற்பனையாளர் முதலில் என்ன கேட்கிறார்? ‘கல்யாணத்துக்காம்மா, சும்மா கட்டறதுக்கா? எந்த விலைக்குள்ள பாக்கலாம்?’ அதே இரண்டு கேள்வியை முகப்பிலேயே பெரிய பொத்தான்களாக வைக்கலாம். பதில் சொல்ல விருப்பமில்லாதவர் அதைத் தாண்டிக் கீழே போக வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பதிலுக்கு உடனே பலன் கிடைக்கும் என்று தெரிந்தால் மக்கள் சொல்வார்கள். 2022 ஜூலையில் இந்திய அரசு தொடங்கிய மைஸ்கீம் தளத்தைப் பாருங்கள். பாலினம், வயது, மாநிலம், மாணவரா, மாற்றுத்திறனாளியா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, பொருந்தக்கூடிய நலத்திட்டங்களை மட்டும் காட்டுகிறது. பிரிட்டன் அரசுத் தளத்தில் விசா தேவையா என்று பார்க்கும் பக்கமும் எந்த நாட்டவர், எதற்காக வருகிறீர்கள் என்று கேட்ட பிறகே விடை சொல்கிறது. இரண்டும் யாரையும் பின்தொடர்ந்து ஊகிக்கவில்லை. வந்தவரே சொன்னதை வைத்து வேலை செய்கின்றன.

கேட்பதற்கு அடுத்தபடி நம்பகமானது, அவர் எந்த இணைப்பு வழியாக வந்தார் என்பது. ‘கல்யாணப் பட்டு’ விளம்பரத்தை அழுத்தி வந்தவருக்குக் கல்யாணப் பட்டுப் பக்கத்தைக் காட்டுவதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வாட்ஸ்அப்பில் பகிரும் இணைப்பை அழுத்தி வருகிறவர்கள் தளத்தின் வருகைக் கணக்கில் பெரும்பாலும் ‘நேரடி வருகை’ என்றுதான் பதிவாவார்கள். அதனால் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒவ்வொரு இணைப்பின் வாலிலும் யுடிஎம் குறியை, அதாவது வருகை எங்கிருந்து வந்தது என்று காட்டும் சிறு சொல்லை, சேர்த்து அனுப்புங்கள். மொத்த வியாபாரிகள் குழுவுக்கு ஒரு குறி, வாடிக்கையாளர் பட்டியலுக்கு வேறு குறி.

ஐபி முகவரியை (இணையத்தில் இணையும் கருவிக்குக் கிடைக்கும் எண்) வைத்து ஊரைக் கண்டுபிடித்து, அந்த ஊருக்கு ஏற்ப மாற்றலாமா?

நாடு வரை ஓரளவு நம்பலாம். ஊர் அளவில் நம்பாதீர்கள். கைபேசி இணையத்தில் வருகிறவரின் ஐபி, கைபேசிச் சேவை நிறுவனத்தின் பெரிய மையம் இருக்கும் நகரத்தைத்தான் பல நேரம் காட்டும். தேனியில் இருப்பவர் சென்னைக்காரராகத் தெரிவார், சில சமயம் பெங்களூருக்காரராகக்கூட. அவரிடம் போய் ‘உங்கள் அருகிலுள்ள கிளை: தி.நகர்’ என்று சொன்னால் தளத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

நாட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்து, அங்கத்திய சிம்மிலேயே ரோமிங்கில் இருப்பவர் சென்னையில் உட்கார்ந்திருந்தாலும் சிங்கப்பூர் ஐபியில்தான் தெரிவார். இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் பயன்படுத்துகிறவர்கள் தனி. ஆகவே ஐபி சொல்வதை ஒரு யோசனையாக மட்டும் முன்வையுங்கள்: ‘சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டுமா?’ என்று மேலே ஒரு வரி, பக்கத்தில் மாற்றிக்கொள்ள ஒரு பொத்தான். கேட்காமல் வேறு பக்கத்துக்குத் தூக்கிப் போடாதீர்கள்.

தமிழா ஆங்கிலமா என்று தானாகவே தீர்மானிக்க முடியாதா?

உலாவி அனுப்பும் மொழிக் குறிப்பை வைத்துத் தீர்மானிக்கலாம் என்று எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். ஜெர்மனியில் அது சரியாக வேலை செய்யும். நம் ஊரில் வீட்டில் முழுக்கத் தமிழே பேசுகிறவரின் கைபேசியும் ஆங்கில அமைப்பிலேயே இருக்கும், கடையில் வாங்கிய நாளிலிருந்து யாரும் அதை மாற்றியிருக்க மாட்டார்கள். அந்தக் குறிப்பை நம்பினால் தமிழ்ப் பக்கத்தை யாருமே பார்க்க மாட்டார்கள். பிறகு ‘தமிழுக்கு வரவேற்பு இல்லை’ என்று முடிவுகட்டி அந்தப் பக்கத்தையே எடுத்துவிடுவார்கள். இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி யுஆர்எல் (பக்க முகவரி) வையுங்கள். பக்கத்தின் உச்சியில், மெனுவுக்குள் ஒளித்துவைக்காமல், ‘தமிழ்’ என்று தமிழிலேயே எழுதிய பொத்தான் இருக்கட்டும். கொடிப் படம் வேண்டாம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றிலும் தமிழ் இருக்கும்போது எந்தக் கொடியைப் போடுவீர்கள்? ஒருமுறை தேர்ந்தெடுத்ததை ஒரு குக்கியில் (உலாவியில் தளம் சேமித்துவைக்கும் சிறு குறிப்பு) நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

வெளிநாட்டுத் தமிழர்களுக்கு என்ன மாற்ற வேண்டும்? விலையை டாலரில் காட்டினால் போதுமா?

நாணயம் முக்கியம்தான். அதிலும் இலங்கை வாசகரை யோசியுங்கள். இந்தியாவிலும் ரூபாய், இலங்கையிலும் ரூபாய். யாழ்ப்பாணத்தில் இருப்பவர் ‘ரூ. 18,000’ என்று பார்த்தால் எந்த ரூபாய் என்று எப்படித் தெரிந்துகொள்வார்? இரண்டின் மதிப்பும் வெகுவாக வேறுபடும். ‘இந்திய ரூபாய்’ என்று முழுதாக எழுதிவிடுங்கள்.

ஆனால் டொரண்டோவிலோ கோலாலம்பூரிலோ இருப்பவரின் முதல் கவலை பெரும்பாலும் நாணயம் இல்லை. கல்யாணத் தேதிக்குள் வந்து சேருமா, சுங்க வரியை யார் கட்டுவது, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்ப முடியுமா, பிளவுஸ் தைத்து, ஃபால்ஸ் அடித்து அனுப்புவீர்களா என்பதுதான். உள்ளூர்க்காரருக்கு இவை எதுவும் தேவைப்படாது, அல்லது கடைக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்வார். எனவே ‘வெளிநாட்டுக்கு’ என்று தேர்ந்தெடுத்தவருக்கு, ஒவ்வொரு புடவையின் பக்கத்திலும் விலைக்குக் கீழேயே புடவையின் எடை, அனுப்பும் செலவு, சேரும் உத்தேசத் தேதி, தையல் வசதி நான்கையும் கொண்டுவாருங்கள். உள்ளூர்க்காரருக்கு அதே இடத்தில் ‘கடையில் வந்து பார்க்க நேரம் குறித்துக்கொள்ளுங்கள்’ என்று போடலாம். மற்றபடி பக்கம் ஒன்றே.

வீடியோ அழைப்புக்கான நேரங்களையும் அவர்கள் ஊர் மணிக்கு மாற்றிக் காட்டுங்கள். மாலை 6 மணி என்று போட்டால் அது யாருடைய மாலை?

வசதியானவர் என்று தெரிந்தால் விலையைக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாமா?

கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஒரே புடவைக்கு ஆளைப் பார்த்து விலை சொல்கிற கடை என்று பெயர் எடுத்தால், அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு கைபேசியை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த ஒரு மாலையிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமேசான் ஒரே டிவிடியை வெவ்வேறு ஆட்களுக்கு வெவ்வேறு விலையில் காட்டியது வெளியே தெரிந்து பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அது சும்மா ஒரு சோதனை என்று நிறுவனம் விளக்கம் சொல்லியும் எடுபடவில்லை. கடைசியில் கூடுதல் விலை கொடுத்த ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. 2012-இல் ஆர்பிட்ஸ் என்ற பயணத் தளம், மேக் கணினியில் வருகிறவர்களுக்கு விலை கூடிய ஹோட்டல்களை முன்னால் காட்டுவதாகச் செய்தி வந்தது. அங்கே ஒரே அறைக்கு இரண்டு விலை வைக்கவில்லை, வரிசையை மட்டுமே மாற்றினார்கள். அதற்கே அவ்வளவு கோபம்.

மொத்த வியாபாரிக்குக் குறைந்த விலை என்பது வேறு கதை. ஜிஎஸ்டி எண் கொடுத்து, லாகின் செய்து, குறைந்தபட்சம் இத்தனை புடவை எடுத்தால் இந்த விலை என்று விதி எல்லோருக்கும் தெரியும்படி இருக்கிறது. ஒளிவுமறைவு இல்லாதவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

‘இதைப் பார்த்தவர்கள் இதையும் வாங்கினார்கள்’ என்று அமேசான் மாதிரி காட்ட முடியுமா?

இங்கேதான் பட்டுக்கடைக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அமேசானின் அந்த முறையை அதன் பொறியாளர்கள் 2003-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். ஆளையும் ஆளையும் ஒப்பிடாமல் பொருளையும் பொருளையும் ஒப்பிடுவதுதான் அதன் சாரம்: இந்தப் பொருளை வாங்கியவர்கள் வேறு எதை அடிக்கடி வாங்கினார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்வது. அதற்கு ஒரே பொருள் பல பேருக்கு விற்றிருக்க வேண்டும். கைத்தறிப் பட்டில் பல புடவைகள் ஒரே ஒரு உருப்படிதான். விற்றுவிட்டால் தீர்ந்தது. ‘இதை வாங்கியவர்கள்’ என்று சொல்ல அங்கே ஒரே ஒருவர்தான் இருப்பார்.

ஆகவே புடவையின் குணங்களை வைத்து இணைக்க வேண்டும்: உடல் நிறம், கரை நிறம், கோர்வையா (கரையைத் தனியாக நெய்து உடலோடு கோர்த்ததா) இல்லையா, ஜரிகை எவ்வளவு, முந்தானை வேலைப்பாடு, எடை, விலை. இவற்றை ஒவ்வொரு புடவைக்கும் ஒழுங்காகப் பதிவுசெய்வதே பெரிய வேலை. நிறத்தை ‘பச்சை’ என்று மட்டும் பதிந்தால் போதாது. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, மயில்கழுத்து என்று கடையில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படிப் பதியுங்கள். வாடிக்கையாளர் தேடுவதும் அந்தப் பெயரில்தான். இது முடிந்தால், அரக்குக் கரை வைத்த மாம்பழ மஞ்சள் ஒன்றைப் பார்த்து அது விற்றுப்போய்விட்டதே என்று ஏமாந்தவருக்கு, அதே சாயலில் இருக்கும் மூன்றைக் காட்ட முடியும். செயற்கை நுண்ணறிவு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சில நூறு புடவைகள் மட்டும் இருக்கும் கடை என்றால், முப்பது வருடமாக விற்பனையில் இருக்கும் ஒருவரை உட்காரவைத்து ‘இதற்கு அடுத்து எதை எடுத்துப் போடுவீர்கள்?’ என்று கேட்டு எழுதிக்கொள்வது எந்த மென்பொருளையும் விட நன்றாக இருக்கும்.

பெயர் சொல்லி வரவேற்றால் நெருக்கமாக இருக்குமே?

பெயர் சரியாக வந்தால் இருக்கும். தமிழ்ப் பெயரில் இனிஷியல் முன்னால் வருவதால், ‘கே. முருகேசன்’ என்று பதிந்தவரை மென்பொருள் ‘வணக்கம் கே.’ என்று வரவேற்கும். இன்னும் சில தளங்கள் இனிஷியலைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு ‘அன்புள்ள திரு. கே’ என்று கடிதம் போடும். ‘உங்களை எப்படி அழைக்க வேண்டும்?’ என்று ஒரே ஒரு கட்டம் வையுங்கள். அது இல்லையென்றால் வெறும் ‘வணக்கம்’ போதும், அதில் ஒரு குறையும் இல்லை.

எவற்றை ஊகிக்கவே கூடாது?

சாதி, மதம், உடல்நிலை, கர்ப்பம், திருமண நிலை, கையில் பணம் இருக்கிறதா என்பது. பட்டுக்கடைக்கு இதில் சோதனை அதிகம். கல்யாணப் புடவையின் நிறமும் வழக்கமும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறுவதால், பெயரைப் பார்த்து ‘இவர்கள் இந்த ஆட்கள், இந்தப் புடவையைக் காட்டு’ என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். பெயரை வைத்து மதத்தை ஊகித்துப் பண்டிகை வாழ்த்து அனுப்புவதும் அப்படியே. தவறினால் அவமானம், சரியாக இருந்தாலும் ‘இவர்களுக்கு எப்படித் தெரியும்?’ என்ற உறுத்தல். ‘கூறைப்புடவை’, ‘வெள்ளை, தந்த நிறக் கல்யாணப் பட்டு’ என்று எல்லா வகையும் எல்லோர் கண்ணுக்கும் படும்படி இருக்கட்டும், தேவையானவர் தானே எடுத்துக்கொள்வார்.

படங்களிலும் கவனம் தேவை. நெட்ஃபிளிக்ஸ் ஒரே படத்துக்குப் பார்வையாளரின் ரசனையைப் பொறுத்து வெவ்வேறு அட்டைப்படம் காட்டுவது தெரிந்ததே. 2018-இல் அமெரிக்காவின் கறுப்பினப் பார்வையாளர்கள் சிலர், சிறு வேடத்தில் வரும் கறுப்பின நடிகர்களைப் பெரிதாகப் போட்டுத் தங்களை ஏமாற்றுவதாகக் குறை சொன்னார்கள். பார்வையாளரின் இனத்தை நாங்கள் கேட்பதே இல்லை என்று நிறுவனம் சொன்னது. கேட்காமலே ஒரு கணக்கு அங்கே போய்ச் சேரக்கூடும் என்பதுதான் இதில் கவலைக்குரியது.

இன்னொன்று, எல்லாக் கல்யாணமும் நடப்பதில்லை. ‘கல்யாணத்துக்கு’ என்று தேர்ந்தெடுத்தவருக்கு மாதக்கணக்கில் மணப்பெண் படங்களாகவே காட்டிக்கொண்டிருந்தால், நின்றுபோன கல்யாண வீட்டில் அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். ‘இனி இவற்றைக் காட்ட வேண்டாம்’ என்ற பொத்தான் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். அதை அழுத்தினால் காரணம் கேட்கக் கூடாது.

வீட்டில் எல்லோரும் ஒரே கைபேசி பயன்படுத்தினால்?

நம் வீடுகளில் அது சாதாரணம். அம்மாவுக்குத் தெரியாமல் அறுபதாம் கல்யாணத்துக்கு மகள் பார்த்துவைத்த புடவை, மறுநாள் அம்மா அதே தளத்தைத் திறந்ததும் ‘நீங்கள் பார்த்தவை’ என்று முன்னால் வந்து நிற்கும். அதனால் பார்த்த பொருள்களின் வரிசையை முகப்பில் வைக்காதீர்கள். ஒரு இணைப்புக்குப் பின்னால் இருக்கட்டும், பக்கத்தில் ‘அழி’ என்ற பொத்தானோடு.

குக்கிகள் ஒழியப் போகின்றன என்றார்களே?

ஒழிவதாகச் சொன்னது பிற நிறுவனங்களின் குக்கிகளை. சஃபாரி 2020-இலிருந்து அவற்றை முழுதாகத் தடுக்கிறது. குரோமும் நிறுத்தப் போவதாக 2020-இல் அறிவித்து, 2024-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. உங்கள் தளம் தனக்காக வைக்கும் குக்கிக்கு இது பொருந்தாது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் (உலாவிக்குள் ஓடும் நிரல்) எழுதும் குக்கியை சஃபாரி 7 நாளில் அழித்துவிடும். எனவே மொழி, நாடு போன்ற தேர்வுகளைச் சர்வர் வழியாக வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். எந்தத் தகவலை எதற்கு எடுக்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது கொடுத்த அளவுக்கே எளிதாக இருக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

இதில் நம்மவர்கள் கவனிக்காத ஒன்று: ஒப்புதல் கேட்கும் அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் விரும்பிய ஒன்றிலோ படிக்க வழி இருக்க வேண்டும். தமிழும் அதில் ஒன்று. ஆகவே தமிழ் அறிவிப்பை இப்போதே எழுதி வையுங்கள், வக்கீல் தமிழில் இல்லாமல் படித்தால் புரிகிற தமிழில்.

ஐரோப்பாவில் இருப்பவர்களைக் குறிவைத்து விற்கிறீர்கள் என்றால் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சேரும்.

ஆளுக்கொரு பக்கம் காட்டினால் தளம் மெதுவாகிவிடாதா?

தவறாகச் செய்தால் ஆகும். எல்லோருக்கும் ஒரே பக்கம் என்றால் அதை ஒருமுறை தயாரித்து கேஷில் (தயார் நகல்களை வைக்கும் இடம்) வைத்துவிடலாம். ஆளுக்கொன்று என்றால் ஒவ்வொரு முறையும் சர்வர் புதிதாகச் சமைக்க வேண்டும். ஆடித் தள்ளுபடி நாளில் மலிவான ஹோஸ்டிங் படுத்துவிடும்.

பக்கத்தின் 90 சதவீதத்தைப் பொதுவாக வைத்து, மாறும் ஒரு சிறு பகுதியை மட்டும் பின்னால் ஜாவாஸ்கிரிப்ட்டில் நிரப்புங்கள். அந்தப் பகுதிக்கான உயரத்தை முன்பே ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் விலையைத் தொடப் போகும் நேரத்தில் பக்கம் கீழே குதிக்கும், விரல் வேறு எதையோ அழுத்தும். கூகுள் இந்தக் குதிப்பை ஒரு மதிப்பெண்ணாக அளந்து, அது 0.1-க்குள் இருந்தால்தான் நல்லது என்கிறது.

கூகுளில் பின்னுக்குப் போய்விடுமா?

தேடலுக்காகப் பக்கங்களைப் படித்துப்போகும் கூகுளின் ரோபோவுக்கு (அதுவும் ஒரு மென்பொருள்தான்) ஒன்று, மனிதருக்கு ஒன்று என்று வேண்டுமென்றே காட்டினால் அது குற்றம், தண்டிப்பார்கள். மற்றபடி பயமில்லை. அந்த ரோபோ பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வரும், குக்கியை நினைவில் வைக்காது, மொழிக் குறிப்பும் அனுப்பாது. எதையும் தேர்ந்தெடுக்காத ஒருவருக்குக் கிடைக்கும் பக்கம்தான் அதற்கும் கிடைக்கும். அந்தப் பொதுப் பக்கம் குறையில்லாமல் இருக்க வேண்டும். அமெரிக்க ஐபி என்றால் உடனே ஆங்கிலப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் தளங்களில், கூகுளின் ரோபோ தமிழ்ப் பக்கத்தை எட்டிப் பார்க்கவே முடியாமல் போகிறது.

பலன் இருக்கிறதா என்று எப்படி அளப்பது?

நூற்றுக்கு 2 பேர் வாங்கும் தளத்தில் அது 2.5 ஆக உயர்ந்ததா என்று நம்பிச் சொல்ல, பழைய பக்கத்துக்குச் சுமார் 14,000 பேரும் புதிய பக்கத்துக்கு அதே அளவும் வந்திருக்க வேண்டும். சிறு கடையை நாலைந்து பிரிவாகப் பிரித்துவிட்டு ஒவ்வொன்றிலும் இதைச் சோதிக்க வருடங்கள் ஆகும். ஒரு வாரக் கணக்கை வைத்து ‘30 சதவீதம் கூடியது’ என்று யாராவது வரைபடம் காட்டினால் நம்பாதீர்கள். அந்த வாரத்தில் முகூர்த்த நாள் எத்தனை என்று முதலில் பாருங்கள்.

வேறு வழியில் அளக்கலாம். ‘பார்சல் எங்கே?’ என்ற போன் அழைப்புகள் குறைந்தனவா? வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் செலவைக் கேட்பதை நிறுத்தினார்களா? திரும்பி வரும் புடவைகள் குறைந்தனவா? இவை கடையில் இருப்பவர்களுக்கே தெரியும்.

இதற்கு எந்த மென்பொருள் வாங்க வேண்டும்?

ஆரம்பத்தில் எதுவும் வேண்டாம். பக்கங்களை மாற்றிக் காட்டிச் சோதிக்க இலவசமாக இருந்த கூகுள் ஆப்டிமைஸை நம்பி எல்லாவற்றையும் அதில் கட்டியவர்கள், 2023 செப்டம்பர் 30-இல் அது மூடப்பட்டபோது வேறு இடம் தேட வேண்டியிருந்தது. தனித்தனி நுழைவுப் பக்கங்கள், இரண்டு கேள்வி, ஒரு குக்கி ஆகியவற்றை உங்கள் தளத்தை அமைத்தவரே செய்து தர முடியும்.

இதைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமா?

வேண்டும், இதைக் கணக்கில் சேர்க்காமல்தான் பலரும் இறங்குகிறார்கள். நான்கு வகை வாடிக்கையாளர், இரண்டு மொழி, பொங்கல், சித்திரை, ஆடி, தீபாவளி என்று நான்கு பருவம் வைத்தால் வருடத்துக்கு 32 முகப்புப் படங்கள். அவ்வளவையும் யார் எழுதி, யார் சரிபார்ப்பது? ஐப்பசி பிறந்த பிறகும் வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் ஆடித் தள்ளுபடி ஓடிக்கொண்டிருக்கும், கடையில் ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் கடையிலிருந்து திறந்தால் உள்ளூர்ப் பக்கம்தான் வரும். ஒவ்வொரு மாறும் பகுதிக்கும் முடிவுத் தேதி போட்டு, அந்தத் தேதி தாண்டியதும் பொதுப் பக்கம் தானாகத் திரும்பும்படி செய்துவிடுங்கள். மாதம் ஒருமுறை ஒருவர் ஒவ்வொரு வகையாகவும் நுழைந்து, கைபேசியில், தமிழிலும் ஆங்கிலத்திலும் பார்த்துவிட வேண்டும். அதற்கு ஆள் ஒதுக்க முடியாத கடை, பார்சல் விவரத்தையும் வெளிநாட்டு விவரத்தையும் மட்டும் மாற்றிக் காட்டிவிட்டு மற்றதை எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம்.